கடிக்கும் பிராயம்

கோல சிலாங்கூரிலும், அதற்குக் கிழக்கே பெஸ்தாரி ஜெயா, வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணாம் என்று விரிந்து செல்லும் செம்பனைக் காட்டோரங்களிலும் உள்ள தாமான் வீடுகளில், கைக்குள் அடங்கும் பருமனில் வந்து சேர்ந்து, சமையற்கட்டு வாசலில் சுருண்டு கிடந்து, எல்லாருடைய பிரியத்தையும் சம்பாதித்துக்கொண்ட நாய்க்குட்டி ஒன்று, ஆறு ஏழு மாதப் பிராயம் எய்திய சமயத்தில், வீட்டுக்காரரின் மணிக்கட்டைப் பற்றி இழுப்பதும், பாட்டியின் சேலைத் தலைப்பைக் கவ்விக்கொண்டு விட மறுப்பதும், பள்ளியிலிருந்து திரும்பும் பிள்ளையின் கணுக்காலைக் குறிவைத்துப் பாய்வதுமாக, திடீரென்று வேறொரு பிராணியாகிவிடுவது வெகு சாதாரணமாக நிகழ்கிற காரியம். அப்போது எழும் அபிப்பிராயங்களும் ஏறக்குறைய எங்கும் ஒரே மாதிரியானவை. "வம்சம் சரியில்லை" என்பார் ஒருவர். "பச்சைக் கறி போட்டீர்கள், ரத்த ருசி கண்டுவிட்டது" என்பார் அடுத்த வீட்டுக்காரர். "இப்போதே நாலு போடு போட்டு அடக்காவிட்டால் நாளைக்குத் தலைமேல் ஏறிவிடும்" என்பார், தோட்டத்தில் பத்து நாய் வளர்த்த அனுபவம் உள்ள பெரியவர். மூன்று அபிப்பிராயங்களும் பிழை; மூன்றாவது பிழை மட்டுமல்ல, அபாயகரமானதும்கூட. குட்டி கெட்டுப் போய்விடவில்லை. அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒரு கல்வி பாதியிலேயே நின்று போயிருக்கிறது. அந்தக் கல்வியை ஒரு காலத்தில் புகட்டி வந்தவை மற்ற நாய்கள். இன்று அதைப் புகட்ட அந்த வீட்டு மனிதர்களைத் தவிர வேறு நாதியில்லை.

இது விளங்கவேண்டுமானால் தோட்டத்து நாயின் பழைய வாழ்க்கையைச் சற்று நினைவுகூர வேண்டும். பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கொன்னியே, பின்னாளில் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930இல் தம் தேசத்தின் கொன்கூர் பரிசைப் பெற்றவர், இந்த நாட்டின் முதல் வாணிபச் செம்பனைத் தோட்டத்தை 1917ஆம் ஆண்டில், இன்றைய பெஸ்தாரி ஜெயாவான பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் உண்டாக்கினார். அவர் காலத்திலும், அதற்குப் பின் இரண்டு மூன்று தலைமுறைகளும், ரப்பர்த் தோட்டமானாலும் செம்பனைத் தோட்டமானாலும், லயத்து வீடுகளில் தமிழ்க் குடும்பங்களோடு நாய்களும் குடியிருந்தன. ஆனால் அவை இன்று நாம் சொல்லும் அர்த்தத்தில் ஒரு வீட்டுக்கு உரியவையாக இருக்கவில்லை. ஒரு வீட்டில் சோறு தின்று, இன்னொரு வீட்டுத் திண்ணையில் படுத்து, விடியுமுன் பெரட்டுக்குப் போகிறவர்களோடு கூடவே போய், பால்மரக் காட்டில் பன்றியையும் உடும்பையும் துரத்திவிட்டு, வெயில் ஏறுமுன் திரும்பி வந்து, லயம் முழுவதற்கும் பொதுவான காவலாக வாழ்ந்தன. முனீஸ்வரர் கோயில் மரத்தடியில் படுத்திருந்த நாயை விரட்டவும் யாருக்கும் மனம் வந்ததில்லை.

அந்த வாழ்க்கையை மிகைப்படுத்திப் புகழ வேண்டியதில்லை; சொறியும் உண்ணியும் பசியும் அதில் தாராளமாக இருந்தன, குட்டிகளில் பாதிக்குமேல் பிழைத்ததில்லை என்று சொல்லும் பெரியவர்களும் உண்டு. ஆயினும் ஒரு விஷயத்தில் அது சிறந்த பள்ளிக்கூடம். தாய்நாய் லயத்தின் அடியிலோ விறகுக் கொட்டகை மூலையிலோ தன் குட்டிகளை இரண்டு மாதத்துக்குக் குறையாமல் தானே வைத்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு மாதமும் குட்டிகள் ஒன்றையொன்று கடித்தும் புரட்டியும் விளையாடின. கடி வலித்தால் கடிபட்ட குட்டி வீறிட்டுக் கத்திவிட்டு விளையாட்டிலிருந்தே விலகிக்கொண்டது. பால் குடிக்கையில் பல்லை அழுத்தினால் தாய் எழுந்து போய்விட்டது. எவ்வளவு அழுத்தினால் விளையாட்டு தொடரும், எவ்வளவு அழுத்தினால் அது முறிந்துபோகும் என்ற அளவை, தண்டனையால் அல்லாமல் விளையாட்டை இழப்பதனாலேயே குட்டி கற்றுக்கொண்டது. பின்பு நாலைந்து மாதமானதும், அதுவரை எல்லாக் குறும்பையும் பொறுத்துக்கொண்ட லயத்துப் பெரிய நாய்கள் அந்தச் சலுகையை ரத்து செய்து, ஓர் உறுமலாலும் ஒரு முறைப்பாலும் இளசுகளை வரம்புக்குள் நிறுத்தின. மனிதன் இதில் ஒரு வேலையும் செய்யவில்லை; செய்ததாகப் பிற்காலத்தில் நினைத்துக்கொண்டான், அவ்வளவே.

இப்போது காட்சி மாறிவிட்டது. மேரி, நைஜல் கார்டனர், சுங்கை திங்கி, மின்யாக், புக்கிட் தாகார் என்று பெயர் சொன்னாலே பழையவர்கள் பெருமூச்சு விடுகிற தோட்டங்களின் ஜனங்கள் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் சிதறிப்போனார்கள். நாயும் அவர்களோடு சிறுத்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஐந்தாவது வாரத்திலேயே, சில சமயம் கண் நன்றாகத் தெளியுமுன்பே, தாயிடமிருந்து பிரிக்கப்பட்டு, அட்டைப்பெட்டியில் வைத்து மோட்டாரில் கொண்டுவரப்பட்ட குட்டி, கார் நிறுத்தும் முகப்பில், துத்தநாகக் கூரையின் கீழே, இரண்டு முழச் சங்கிலியின் முனையில், பகல் முழுதும் ஒரு துணையுமின்றி வளர்கிறது. அதன் பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு மூடப்பட்டுவிட்டது. ஆனால் பற்கள் மட்டும் தம் காலக்கணக்குப்படியே முளைக்கின்றன.

அந்தக் கணக்கையும் பார்த்துவிடலாம். குட்டிக்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் பால்பற்கள் முளைக்கத் தொடங்குகின்றன; மொத்தம் 28. நாலு மாதத்தை ஒட்டி அவை விழ ஆரம்பித்து, ஆறு ஏழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்கள் வந்து நிறைகின்றன. ஈறு குடைகிற அந்த மாதங்களில் எதையாவது மெல்லாமல் குட்டியால் இருக்க முடியாது. செருப்பும் மேஜைக்காலும் நம் விரலும் அதற்கு ஒன்றே. இதை எல்லாரும் அறிவார்கள், பொறுத்தும் கொள்கிறார்கள். ஜனங்கள் திகைத்துப் போவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். பல்லெல்லாம் முளைத்து முடிந்தபின், கடி தணிந்துவிடும் என்று காத்திருந்த வேளையில், அது இரட்டிப்பாகிறதே, அது ஏன்?

அதுதான் யௌவனம். நாய்க்கு ஆறாவது மாதத்தை ஒட்டித் தொடங்கி, ஜாதியையும் உடற்கட்டையும் பொறுத்து ஒன்றரை வயது, பெரிய ஜாதிகளில் இரண்டு வயதுவரையிலும்கூட நீடிக்கும் இந்தப் பருவத்தில், உடம்பு ஏறக்குறைய முழு நாயின் பலத்தை எய்திவிடுகிறது. ஆனால் எழுந்த உணர்ச்சியை அடக்கிக்கொள்ளும் சக்தி மூளையில் இன்னும் முதிரவில்லை. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூசி ஆஷரும் அவருடைய சகாக்களும், கண்பார்வையற்றோருக்கு வழிகாட்டுவதற்காக வளர்க்கப்படும் நாய்களைப் பரிசோதித்து 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இவ்விஷயத்தில் மிகவும் ரசமானது. ஐந்து மாதத்தில் 'உட்கார்' என்றவுடன் உட்கார்ந்த அதே நாய்கள், எட்டு மாதத்தில், தம்மை வளர்த்தவர் சொன்னபோது அசட்டை செய்தன. முன்பின் அறியாத அந்நியர் சொன்னபோதோ கீழ்ப்படிந்தன. ஒரு வயதை எட்டியதும் வளர்த்தவர் சொல்லுக்கு மறுபடியும் மதிப்பு வந்துவிட்டது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய்க்கும் இந்த ஆராய்ச்சி முடிவில் புதுமை ஏதும் இருக்காது.

ஆக, ஏழெட்டு மாத நாய் கையைக் கவ்வும்போது அதன் உள்ளே குரோதம் இருப்பதாக நினைக்கக் காரணமில்லை. பெரும்பாலும் அதில் இருப்பவை மூன்று: அடக்கத் தெரியாத உற்சாகம், பொழுது போகாத ஏக்கம், நித்திரைக் குறைவு. மூன்றாவதைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் உண்டு. வளரும் நாய்க்கு நாளில் மூன்றில் இரண்டு பங்கு நேரமாவது தூக்கம் வேண்டும் என்பதையும், ஓயாமல் சத்தமும் ஆள் நடமாட்டமுமாக உள்ள வீட்டு முகப்பில் அது அதற்குக் கிடைப்பதில்லை என்பதையும் அவர்கள் யோசிப்பதில்லை. வேலைவிட்டு எல்லாரும் திரும்புகிற அந்தி வேளையில், ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே, இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்துகொள்கின்றன. பகலெல்லாம் கட்டுண்டு கிடந்த நாய், கேட் திறக்கும் ஓசை கேட்டதும் நிலைகொள்ளாமல் குதித்து, வாலைப் பின்னங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு வட்டமாக ஓடி, ஓடிய வேகத்தில் எதிர்ப்பட்ட முழங்கையைப் பற்றிவிடுகிறது. வீட்டார் "ஐயோ" என்று கத்திக் கையை உதறுகிறார்கள். உதறப்பட்ட கை நாயின் கண்ணுக்கு ஓடுகிற இரை. அது இன்னும் அழுத்திப் பிடிக்கிறது. அலறலும் ஓட்டமும் சேர்ந்து அன்றைய பொழுதின் ஒரே வேடிக்கையாகிவிட, மறுநாள் அதே நேரத்துக்கு அந்த வேடிக்கையை எதிர்பார்த்து நாய் ஆயத்தமாகக் காத்திருக்கிறது.

இந்த இடத்தில்தான் பெரியவருடைய பிரம்பு வந்து நுழைகிறது. முகத்தில் அறைவது, வாயைப் பொத்தி இறுக்குவது, மூக்கில் மிளகாய் நீர் தடவுவது, மல்லாக்கப் புரட்டிக் கழுத்தை அழுத்திப் பிடிப்பது ஆகியவற்றுக்கெல்லாம் சொல்லப்படும் நியாயம், நாய் ஓநாயின் வம்சம், ஓநாய்க் கூட்டத்தில் ஒரு தலைவன் உண்டு, அந்தத் தலைவன் நீதான் என்று காட்டிவிட வேண்டும் என்பது. இந்த எண்ணத்துக்கு மூலம், ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சி சாலையின் ஓநாய்களைப் பார்த்து 1947இல் எழுதிய கட்டுரை. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்கள் குறுகிய இடத்தில் அடைபட்டுச் சண்டையிட்டதை அவர் பார்த்தார், பார்த்ததை எழுதினார். அந்தக் கருத்தை 1970இல் தம் புத்தகத்தின் வழியே உலகமெங்கும் பரப்பிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக், வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களோடு பல கோடைகளைக் கழித்தபின், அங்கே தலைவன் என்று எதுவுமில்லை, கூட்டம் என்பது தாய் தகப்பனும் அவற்றின் பிள்ளைகளும் சேர்ந்த குடும்பமே என்று கண்டு, 1999இல் தம் பழைய கருத்தைத் தாமே மறுத்து எழுதினார். கூற்றைப் பரப்பியவரே கைவிட்டு இத்தனை வருஷமாகியும் அது நம் ஊர்ப் பேச்சை விட்டுப் போகவில்லை.

அடி பலன் தருமா என்று கேட்பவருக்கு, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. நாயின் நடத்தைக் கோளாறுக்காக அவர்களிடம் வந்தவர்களில், நாயை அடித்தோ உதைத்தோ பார்த்தவர்களுள் 43 விழுக்காட்டினர், அடிபட்ட நாய் பதிலுக்குச் சீறியதாகவோ கடித்ததாகவோ சொன்னார்கள்; மல்லாக்கப் புரட்டி அழுத்தியவர்களுள் அப்படிச் சொன்னவர்கள் 31 விழுக்காட்டினர். விளையாட்டுக் கடியை மெய்யான கடியாக மாற்ற இதைவிடச் சுலபமான மார்க்கம் இல்லை. இன்னொரு தீமையும் உண்டு. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய் உறுமுவதை நிறுத்திவிடுகிறது, பயப்படுவதை நிறுத்துவதில்லை. பிற்பாடு ஒருநாள் அது எச்சரிக்கை எதுவுமின்றிக் கடிக்கும். மேலில் பாய்ந்த வேலோடும் எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும் என்று நாலடியார் நாயின் விசுவாசத்தைச் சொல்கிறது. அந்த விசுவாசத்தை நம்பியே நாம் நெடுங்காலம் கைநீட்டி வந்திருக்கிறோம். போதாதற்குச் சட்டமும் இருக்கிறது: 2015ஆம் ஆண்டின் பிராணிகள் நலச் சட்டம் 2017இல் அமலுக்கு வந்தபின், பிராணியைத் துன்புறுத்துவோருக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளிவரை அபராதமோ, மூன்றாண்டுவரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? லயத்துக் குட்டிகள் ஒன்றுக்கொன்று செய்ததைத்தான். பல் தோலில் பட்ட மாத்திரத்தில் கையை உதறாமல், இழுக்காமல், அசைவற்று நின்றுவிட வேண்டும். அசையாத கையில் நாய்க்குச் சுவாரசியம் இல்லை. அது விட்டதும், ஒரு வார்த்தையும் பேசாமல், முகத்தையும் பார்க்காமல், கதவுக்கு அப்பாலோ கேட்டுக்கு அப்பாலோ விலகிப்போய், அரை நிமிஷமோ ஒரு நிமிஷமோ கழித்துத் திரும்பி வரவேண்டும். விளையாட்டு முறிந்தது, காரணம் பல் என்பதுதான் நாய்க்குப் போய்ச் சேரவேண்டிய செய்தி. அதற்கு மேற்பட்ட கோபமும் பிரசங்கமும் அனாவசியம். கடி வாங்கினால் குட்டியைப் போலவே கீச்சென்று கத்தவேண்டும் என்று சிலர் உபதேசிப்பார்கள். மிகச் சிறிய குட்டிகளிடம் அது சில சமயம் பலிக்கலாம். யௌவன நாயிடமோ பெரும்பாலும் அது வெறியேற்றத்தான் உதவும். என் அபிப்பிராயம், மௌனமே மேல் என்பது.

மறுப்பு மட்டும் போதாது. கவ்வுவதற்கு ஒன்று வேண்டும். நாய்க்குக் கையின் வேலையையும் வாய்தான் செய்கிறது; அந்த வாயை எங்கும் பயன்படுத்தாதே என்பது நிறைவேறாத கட்டளை. முடிச்சுப் போட்ட தடித்த கயிறு, கடையில் கிடைக்கும் கெட்டி ரப்பர் பொம்மை, நனைத்து முறுக்கிக் குளிர்பெட்டியில் உறையவைத்த பழைய துண்டு, பச்சைக் காரட் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று, நாய் மேலே பாயுமுன்பே நம் கையில் இருக்க வேண்டும். பாய்ந்தபின் கொடுத்தால் பாய்ந்ததற்கு வெகுமதி கொடுத்ததாகிவிடும். கயிறு இழுக்கும் விளையாட்டு நாயைத் துஷ்டனாக்கும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. இழுத்துக்கொண்டிருக்கும்போதே 'விடு' என்றதும் விடவும், விட்டதற்காக ஒரு சிறு தீனியும் மறுபடி விளையாட்டும் பெறவும் பழகிய நாய், மனிதக் கையையும் அதே சொல்லுக்கு விட்டுவிடும். சமைத்த கோழி எலும்பு மாத்திரம் கூடாது. அது சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும். சோளக் கட்டையும் தேங்காய் மட்டை நாரும் குடலை அடைத்துக்கொள்ளும். செம்பனைக் காட்டை ஒட்டி வசிப்பவர்கள், மரத்தடியில் வைக்கும் எலி மருந்தையும், கொட்டகையில் மறந்துபோன புல் மருந்துப் புட்டிகளையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பாராக்வாட் என்னும் புல் மருந்து 2020 ஜனவரி முதல் இந்நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தாலும், பழைய புட்டிக்குத் தடை தெரியாது; எதையும் வாயில் போடும் பிராயத்து நாயை அங்கே அவிழ்த்துவிடலாகாது.

காலையில் வெயில் ஏறுமுன் நடத்திக்கொண்டு போவது நல்லது; அதிலும் வேகமாக இழுத்துக்கொண்டு நடப்பதைவிட, வேலியோரப் புல்லை ஆசைதீர மோந்து பார்க்க விடுவது நாயின் மனத்தை அதிகம் களைப்புறச் செய்யும். ஆகாரத்தைத் தட்டில் கொட்டுவதற்குப் பதிலாக ஒரு பகுதியைப் புல்லில் தூவித் தேடித் தின்னச் செய்யலாம். சங்கிலியைப் பற்றி ஒரு வார்த்தை: எட்டாத தூரத்தில் உலகம் போவதும் வருவதுமாக இருக்க, நாள் முழுதும் கட்டுண்டு கிடக்கும் நாய் ஏமாற்றத்தினாலேயே கவ்வக் கற்றுக்கொள்ளும். கேட்டும் வேலியும் ஒழுங்காக இருக்கிற வீட்டில் சங்கிலி எதற்கு என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

இவ்வளவையும் செய்தும் பலிக்கவில்லை என்று முறையிடுகிற வீடுகளில், குறை நாயிடம் இருப்பதைவிட வீட்டாரிடையே உள்ள கருத்து வேற்றுமையில்தான் அதிகம் காணப்படும். அப்பா ஆங்கிலத்தில் 'நோ' என்கிறார். பாட்டி 'சீ, போ' என்கிறார். தேசியப் பள்ளியில் படிக்கும் பேரன் மலாயில் 'டூடோக்' என்கிறான். மாமா வந்தால் கையைக் கொடுத்துக் கடிக்கச் சொல்லி வேடிக்கை பார்க்கிறார். மும்மொழிப் புலமை நம்முடைய பெருமைதான். நாய்க்கு ஒரு மொழியே போதும். எந்தச் சொல் என்பது முக்கியமல்ல, எல்லாரும் அதே சொல்லைச் சொல்வதும், பல் பட்டால் எல்லாரும் ஒரே மாதிரி விலகுவதும்தான் முக்கியம். பத்துத் தடவையில் ஒரு தடவை மாமாவிடம் ஜெயித்தாலும் நாய் நம்பிக்கை இழக்காது. மற்றொன்றும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்: இதுவரை பலித்து வந்த தந்திரம் திடீரென்று பலிக்காமற்போனால், நாய் அதைக் கைவிடுமுன் இன்னும் பலமாக ஒருமுறை முயன்று பார்க்கும். முதல் வாரத்தில் கடி கூடுவது தோல்விக்கு அடையாளமாகாது. அந்த வாரத்தில் மனந்தளர்ந்து விட்டுக்கொடுத்தவர்கள்தான், அதிகக் கடிக்குப் பலன் உண்டு என்று நாய்க்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்க இடமில்லை. ஓடுவதும் கிறீச்சிடுவதும் குழந்தையின் சுபாவம். ஓடுவதைத் துரத்துவது நாயின் சுபாவம். இரண்டையும் பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் ஒரே முற்றத்தில் விடுவது இரண்டுக்கும் அநீதி. நாய் பாய்ந்தால் ஓடாதே, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு மரம்போல நில், முகத்தைத் திருப்பிக்கொள் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்துவிடலாம். அதைவிடச் சிறிய பிள்ளைகளை நாயோடு தனியே விடவே கூடாது.

நம் பிரதேசத்துக்கே உரிய மற்றொரு கடமையும் இருக்கிறது. லயத்தில் அக்கம்பக்கம் எல்லாரும் நம்மவர்கள். தாமானில் வலப்பக்கத்து வீடு மலாய்க்காரருடையதாகவும் எதிர்வீடு சீனருடையதாகவும் இருக்கும். நாயின் எச்சில் பட்டால், ஒரு தடவை மண் கலந்த நீராலும் ஆறு தடவை சுத்த நீராலுமாக ஏழு தடவை கழுவவேண்டும் என்பது இந்நாட்டு முஸ்லிம்கள் அனுசரிக்கும் விதி. நம் கண்ணுக்கு வெறும் விளையாட்டாகத் தோன்றும் ஒரு கவ்வல், வேலிக்கு அப்பால் நிற்கும் பிள்ளையின் தாய்க்கு எத்தனை சிரமத்தையும் மனக்கஷ்டத்தையும் தரும் என்பதை நாம் உணரவேண்டும். வேலியின் கீழிடுக்கை அடைப்பதும், வெளியே போகும்போது வாரைக் கையில் சுருக்கிப் பிடிப்பதும், தெருப் பிள்ளைகள் மேல் நாய் தாவாதபடி பார்த்துக்கொள்வதும், நகராண்மைக் கழகத்தில் உரிமம் எடுத்துவைப்பதும் சட்டத்துக்காக மட்டும் செய்யவேண்டிய காரியங்கள் அல்ல. அண்டை வீட்டார் புகார் செய்து நாய்பிடிக்கும் வண்டி வந்து நின்றபின் பேசும் நியாயம் எதுவும் எடுபடாது.

விளையாட்டுக் கடிக்கும் மெய்க் கடிக்கும் பேதம் தெரிந்திருக்க வேண்டும். விளையாடும் நாயின் உடம்பு தளர்ந்து நெளியும்; முன்னங்கால்களை நீட்டிப் பின்புறத்தை உயர்த்தி அழைப்பு விடுக்கும்; வாய் திறந்திருக்கும்; பற்றினாலும் விட்டுவிட்டுப் பற்றும். உடம்பு விறைத்து, பார்வை ஒரே இடத்தில் நிலைத்து, வாய் இறுக மூடியிருந்து, தீனித் தட்டருகிலோ படுக்கையருகிலோ யாரேனும் வந்தால் உறுமுகிற நாயின் விஷயம் வேறு. தோல் கிழிந்து ஆழமாகப் பல் இறங்கினாலும் விஷயம் வேறு. அப்போது பக்கத்து வீட்டு யோசனைகளை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போகவேண்டும். விழாமல் நின்றுவிட்ட பால்பல், காதுப் புண், உண்ணிக் காய்ச்சல் என்று நோவு ஏதாவது காரணமாக இருக்கலாம். தொட்டால் வலிக்கிற நாய் தொடவிடாது. கருத்தடை அறுவை பற்றியும் அங்கேயே கேட்கலாம். ஊர் சுற்றுவதையும் வேண்டாத குட்டிகளையும் அது தடுக்கும்; ஆனால் கவ்வும் பழக்கம் அதனாலேயே போய்விடும் என்று எதிர்பார்ப்பது வீண்.

வெறிநாய்க்கடி பற்றிய பயம் நியாயமானதே. தீபகற்பத்தின் வடகோடியில், பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் 2015இல் நாய்களிடையே அந்நோய் தலைகாட்டியது. சரவாக்கில் 2017இல் பரவத் தொடங்கி மனித உயிர்களையும் பலிகொண்டது. துள்ளி விளையாடிச் சாப்பிட்டுத் தூங்குகிற ஏழு மாத நாயின் கவ்வலுக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் எந்த நாயின் பல்லானாலும் தோலைக் கிழித்துவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றே அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்க் காட்டுவதுதான் விவேகம். காயத்தில் மஞ்சளும் காப்பித்தூளும் அப்பிக்கொண்டு வீட்டிலிருப்பது விவேகமாகாது.

இந்தக் கடியைப் பொறுக்கமாட்டாமல் கைவிடப்படும், ஏழு மாதமும் பத்து மாதமும் நிறைந்த நாய்களே, ராத்திரி வேளையில் காரில் கொண்டுவரப்பட்டு, ஈஜோக் பக்கத்திலும் புக்கிட் ரோத்தான் பக்கத்திலும் செம்பனைச் சாலையோரங்களில் இறக்கிவிடப்படுகின்றன. தோட்டத்தில் எப்படியும் பிழைத்துக்கொள்ளும் என்று இறக்கிவிட்டவர் தம்மைத் தேற்றிக்கொள்வார். சோறு வைத்த லயங்கள் இன்று அங்கே இல்லை. கூலிக்கு வந்திருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரின் தங்குவிடுதிகளே இருக்கின்றன. வீட்டில் வளர்ந்த நாய்க்கு இரை தேடவும் தெரியாது, லோரிக்கு விலகவும் தெரியாது. ஆகையால் வாசகர்களை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: குட்டி வாங்குகிறவர்கள், எட்டு வாரம் நிறையுமுன் அதைத் தாயிடமிருந்து வாங்காதீர்கள், வாங்கியபின், அதற்கு ஒன்றரை வயதாகும்வரை அதன் வாயைப் பற்றி எந்தத் தீர்மானத்துக்கும் வந்துவிடாதீர்கள், உண்மையிலேயே வைத்துக்கொள்ள முடியாத நிலை வந்தால், கடிக்கும் பழக்கத்தை மறைக்காமல் சொல்லி, முற்றமும் பொறுமையும் உள்ள ஒருவரிடம் பகல் வெளிச்சத்தில் ஒப்படையுங்கள்.